அருமா-சான் எழுதாமல் விட்டது

தோமே என்றால் 'நிறுத்து' என்று பொருள். நாலு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தபோது அவள் அப்பா வெறுத்துப்போய் வைத்த பெயர் அது. பெயர் பலிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். "சாமிக்குக் காது மந்தம். என்னைக் கூப்பிட்டது அவருக்கு விழவே இல்லை" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

போர் முடிந்த இரண்டாம் வருஷம், புதிதாகத் திறந்த நடுநிலைப் பள்ளிக்கு ஆங்கில வாத்தியாராக நான் நிரோகாவா என்ற மலை ஊருக்கு வந்தேன். எனக்குக் கிடைத்த அறை, தோமே டோஃபு என்கிற சோயாப்பால் கட்டி செய்யும் கொட்டகையை ஒட்டி இருந்தது. விடியும் முன்பே ஊறிய சோயாவை அரைக்கிற கல்லின் சத்தம் சுவர் வழியாக என் தலையணைக்குள் வந்துவிடும். ஏழு மணிக்கு இரண்டு வாளிகளைக் காவடி போலத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். முதல் வீடு என்னுடையதுதான்.

"வாத்தியாரே, இன்னைக்கும் அரைத் துண்டுதானா? ஒரு பொண்டாட்டியைக் கட்டிக்கிட்டா முழுத் துண்டா விக்கும்ல எனக்கு?"

அப்போது அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. குட்டையான உருவம். கைகள் இரண்டும் தண்ணீரிலேயே கிடந்து வெளுத்து, விரல் நுனிகள் சுருங்கிப் போயிருக்கும். நாற்று நட்டு முடிந்த விருந்துகளில் சர்க்கரைவள்ளிச் சாராயம் இரண்டு கிண்ணம் உள்ளே போனால், டோஃபு வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடுவாள். சுற்று வட்டாரத்தில் அந்த ஆட்டம் பெயர் பெற்றது.

பத்தொன்பது வயதில் குமாகிச்சி என்ற கரி சுடுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டு அந்த ஊருக்கு வந்தவள். பன்னிரண்டு வருஷம் பிள்ளை இல்லை. மலையில் மரம் குறைந்து கரி வேலை படுத்துப்போனபோது, குமாகிச்சி கடல் தாண்டி க்யூஷூ தீவின் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டான். பதினான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். வந்த ஆறாம் மாதம் தோமேக்குப் பெண் பிறந்தது. குறைமாதப் பிள்ளை என்றார்கள். இவ்வளவு கொழுத்த குறைமாதப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை என்று மருத்துவச்சி ஒரு தடவை சொன்னாளாம். அதற்குப் பிறகு அவளும் சொல்லவில்லை.

விரல் விட்டு எண்ணத் தெரியாதவர்கள் யாரும் அந்த ஊரில் இல்லை. ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. வாயால் சொல்லாத வரைக்கும் அப்படி ஒன்று இல்லை. எண்பது வீடுகள் ஒரே பள்ளத்தாக்கில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டுமென்றால் வேறு வழியும் கிடையாது.

அந்தப் பெண்ணின் பெயர் மிசாவோ. கற்பு என்று அர்த்தம். குமாகிச்சி அவளை முதுகில் கட்டிக்கொண்டேதான் கரிச் சூளைக்குப் போவான், வருவான். பள்ளிக்கூடம் போகிற வயசு வந்தும் முதுகை விட்டு இறக்கவில்லை என்று ஊரில் கேலி செய்வார்கள். போரின் நடுவில் அவன் நெஞ்சு நோய் வந்து செத்தபோது மிசாவோவுக்கு இருபது வயது கூட ஆகவில்லை. அரிசி ஆலைக்கார வீட்டுக்கு அப்போதுதான் மருமகளாகப் போயிருந்தாள். தாய் வீட்டில் அப்பாவின் பெயர் எழுதி வைத்திருந்த நினைவுப் பலகைக்குத் தினமும் வந்து சோறு வைத்துவிட்டுப் போவாள்.

இனி அருமா-சான் விஷயம். அதை நான் நேரில் பார்க்கவில்லை. தோமே சொல்லித்தான் தெரியும்.

போருக்கு முன்னால், மிசாவோவுக்குப் பதினோரு வயதிருக்கும்போது, ஓர் அமெரிக்கப் படிப்பாளியும் அவர் மனைவியும் நிரோகாவாவில் ஒரு வருஷம் தங்கினார்கள். ஊர் எப்படி வாழ்கிறது என்று எழுத வந்தவர்கள். அவர் ஆண்களிடம் நிலம், வரி, கோவில் என்று கேட்டுக்கொண்டிருப்பார். மனைவியின் பெயர் அல்மா. எங்கள் நாக்கில் அது அருமா என்றுதான் வரும், மரியாதைக்கு 'சான்' சேர்த்துக்கொள்வோம். எங்கள் நாட்டுக் கோபே நகரத்தில் பாதிரியார் மகளாகப் பிறந்து வளர்ந்தவள். அதனால் எங்கள் பேச்சு வரும், ஆனால் புத்தகத்திலிருந்து எடுத்து வைத்தது மாதிரி வரும். "சக்கரவர்த்தி வீட்டு வேலைக்காரி மாதிரிப் பேசுவா. 'தங்கள் திருக்கரத்தால் சமைத்த டோஃபு'ம்பா. நாங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்போம். அவளும் சேர்ந்து சிரிப்பா. நல்லவ" என்று தோமே சொல்வாள்.

தினமும் காலையில் கொட்டகைக்கு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொள்வாளாம் அருமா-சான். மடியில் ஒரு நோட்டு. பால் கொதிக்கும்போது கிளறிக் கொடுப்பாள். தோமேக்கு அதுவரை அப்படி உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் கிடைத்ததில்லை. நாற்று நடுகிற பெண்களிடம் சொன்னால் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இவளோ ஒரு வருஷத்தில் கப்பலேறிப் போய்விடுகிறவள். அதனால் சொல்லிவிட்டாள்.

போர்க் காலத்தில் போலீஸ்காரர் ஒருவர் வந்து அந்த அமெரிக்கக்காரி என்னவெல்லாம் கேட்டாள் என்று தோமேயை இரண்டு நாள் உட்கார வைத்து விசாரித்தார். "எத்தனை படி சோயா ஊற வைப்பேன்னு கேட்டா ஐயா. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் குண்டு போடப் போறாங்களா?" என்று இவள் கேட்டாளாம். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. கடைசி வரைக்கும் அருமா-சானைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

1951ஆம் வருஷம், அறுவடை முடிந்து நெல்லைக் காயப்போட்டிருந்த சமயம், ஊராட்சி அலுவலகத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே தடித்த புத்தகம் ஒன்று, ஒரு டப்பா மிட்டாய், ஒரு கடிதம். கணவர் இறந்துவிட்டார், இருவரும் சேர்த்த குறிப்புகளிலிருந்து இந்தப் புத்தகத்தை நான் முடித்தேன், என் சிநேகிதர்களுக்கு அன்புடன் என்று அருமா-சான் எழுதியிருந்தாள். ஊர்ப் பெயரை மாற்றியிருந்தாள். ஆட்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

ஊர்த் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம ஊரு அமெரிக்காவுல புத்தகமா வந்திருக்கு! வாத்தியாரே, ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டுறேன், நீங்கதான் வாசிச்சுச் சொல்லணும்" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நாலு வருஷமாகக் கரி மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஏ, பி, சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு முதல் தடவையாக ஒரு சபை. முன்பாதியை மட்டும் படித்துவிட்டுப் போனேன். அது நிலத்தையும் வரியையும் பற்றியது. பின்பாதியைப் படிக்கவில்லை. அங்கேயே பார்த்துச் சொல்லிவிடலாம் என்று தைரியம்.

மதிய நேரம். ஊர்க் கூடத்தில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். மிட்டாய் டப்பா கைமாறிக்கொண்டிருந்தது. ஒரு பணக்கார விவசாயி விருந்தாளிகள் குடிக்கும் கிண்ணங்களை மனதுக்குள் எண்ணுவார் என்று ஓரிடத்தில் வந்தது. தலைவரின் அப்பாதான் அது என்று எல்லோருக்கும் தெரிந்து கூடம் அதிர்ந்தது. தலைவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு ஆளாளுக்கு என்னைப் பற்றி இருக்கிறதா, எங்கள் வீட்டைப் பற்றி இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

"பொம்பளைங்களைப் பத்தி ஒண்ணும் எழுதலையா? ஒரு வருஷம் என் அடுப்புல குளிர் காய்ஞ்சாளே!" என்று பின்னாலிருந்து தோமே கத்தினாள்.

பெண்களைப் பற்றிய பகுதியைத் தேடி எடுத்தேன். மனதுக்குள் ஒரு வரி படித்து, வாயால் ஒரு வரி சொல்லிக்கொண்டு போனேன். 'இந்த ஊர்ப் பெண்கள், பிள்ளை யாருக்குப் பிறந்தது என்பதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.' சிலர் சிரித்தார்கள். 'ஊரின் ஒரே டோஃபுக்காரி...' என்று சொன்னேன். அதற்குள் மீதி வரி கண்ணில் பட்டுவிட்டது. நிறுத்தினேன்.

"நான்தான் அது! நான்தான்!" என்றாள் தோமே.

மூன்றாம் வரிசையில் மிசாவோ தன் மாமியார் கனே அம்மாளோடு உட்கார்ந்திருந்தாள். கனே அம்மாள் சிரித்தபடி சொன்னாள்: "ஏன் நிறுத்திட்டீங்க, வாத்தியாரே? சம்பந்தியம்மா புத்தகத்துல வர்றது எங்க வீட்டுக்கும் பெருமைதானே. படிங்க."

அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். நன்றாக டோஃபு செய்வாள், நன்றாக ஆடுவாள் என்று நானே இரண்டு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் அங்கே யாருக்குத் தெரியப்போகிறது? யோசிக்க நேரமும் இருந்தது. ஏன் செய்யவில்லை என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அறுபது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் புரியாமல் முழிக்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். வேறு காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

படித்தேன். 'ஊரின் ஒரே டோஃபுக்காரி, தன் ஒரே மகள் கணவனுக்குப் பிறந்தவள் அல்ல, ஊர் ஊராக வரும் மருந்து வியாபாரிக்குப் பிறந்தவள் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் பேச்சில் வெட்கமோ வருத்தமோ சிறிதும் தெரியவில்லை.'

யாரோ மிட்டாய்க் காகிதத்தைக் கசக்கிக்கொண்டிருந்த சத்தமும் நின்றுவிட்டது.

அப்போது தோமே சிரித்தாள். "அந்த மருந்துக்காரன் நல்லாப் பாடுவான் தெரியுமா!" என்றாள் சத்தமாக. விருந்தில் செய்கிற மாதிரி இதையும் ஒரு கூத்தாக்கிக் கடந்துவிடலாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை. மிசாவோ எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களுக்கு நடுவே மன்னிப்புக் கேட்டுக்கேட்டு நடந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் காலை என் சுவருக்கு அந்தப் பக்கம் மிசாவோவின் குரல் கேட்டது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ?"

"வந்த அன்னைக்கே. நானே சொல்லிட்டேன்."

"தெரிஞ்சுமா என்னை முதுகுல தூக்கிட்டுத் திரிஞ்சாரு?"

தோமே என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை. பிறகு மிசாவோ சொன்னாள்: "எனக்குச் சொல்லலை. ஊருக்குச் சொல்லலை. ஒரு வெள்ளைக்காரிக்குச் சொல்லியிருக்கே. அதுவும் சிரிச்சுக்கிட்டு."

அதற்குப் பிறகு அவள் அந்தக் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை.

மிசாவோவின் கணவன் சதாவோ சைபீரியப் போர்க்கைதி முகாமில் மூன்று வருஷம் கிடந்துவிட்டு வந்தவன், அதிகம் பேசமாட்டான். "அது எனக்குத் தேவையில்லாத விஷயம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். ஆனால் கனே அம்மாள் முடிக்கவில்லை. யாராவது ஆலைக்கு வந்து மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், "கற்புதானே? உள்ளே இருக்கு, இருங்க கூப்பிடுறேன்" என்பாள். வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். மருந்துக்காரர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காகிதப் பலூன் ஒன்றை யாரோ ஊதி ஆலை வாசலில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மிசாவோ அதை அவிழ்த்து, காற்றை வெளியேற்றி, நாலாக மடித்து அடுப்பில் போட்டாளாம்.

அடுத்த கோடையில் முன்னோர்களை வரவேற்கிற ஓபோன் பண்டிகை வந்தது. வாசலில் தீ மூட்டி இறந்தவர்களுக்கு வழி காட்டுவது வழக்கம். குமாகிச்சி செத்த வருஷத்திலிருந்து அவன் வீட்டு வாசலில் மிசாவோதான் தீ மூட்டுவாள். அம்மாவிடம் பேசாவிட்டாலும் அன்று சாயங்காலம் சணல் குச்சிக் கட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். குமாகிச்சியின் தம்பி யசுஹெய் அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தான்.

"நீ சிரமப்பட வேண்டாம்மா. ரத்த சொந்தம் மூட்டினாத்தான் அண்ணனுக்கு வழி தெரியும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். நினைவுப் பலகையையும் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான். தோமே வாசற்படியில் நின்றுகொண்டு, "யசுஹெய், அது உங்க அண்ணனுக்கே பிடிக்காதுடா" என்றாள். "அண்ணனுக்கு எது பிடிக்கும்னு நீங்க சொல்லாதீங்க அண்ணி" என்றான் அவன். மிசாவோ குச்சிக் கட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே போனாள்.

பண்டிகை முடிந்த வாரம் தோமே என் அறைக்கு வந்தாள். கையில் டோஃபு இல்லை.

"அருமா-சானுக்கு ஒரு லெட்டர் எழுதணும், வாத்தியாரே."

திட்டி எழுதச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பார்த்தபடி சொல்லச் சொல்ல எழுதினேன்.

"நீ சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கே. ஆனா பாதியை விட்டுட்டே. அவரு சுரங்கத்துலேருந்து வந்த அன்னைக்கு நான் அவருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்ல? அந்த வருஷம் மழையில பாலம் போயி மருந்துக்காரன் பதினோரு நாள் இங்கேயே மாட்டிக்கிட்டதைச் சொன்னேன், மூணு மாசம்னு சொன்னேன். அவரு ஒண்ணும் பேசாம குளிக்கத் தொட்டிக்குள்ள இறங்கினாரு. தண்ணி ஆறிப்போயும் எழுந்திரிக்கலை. நான் வெளியே நின்னு தொட்டிக்கு அடியில மறுபடி மறுபடி விறகு வச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் எழுந்து வந்து, பசிக்குதுன்னாரு. அவ்வளவுதான். பிள்ளை பிறந்து ஏழாம் நாள், சொந்தக்காரங்க எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, அவரே மை தொட்டு எழுதிச் சுவத்துல ஒட்டினாரு, மிசாவோன்னு. அந்த எழுத்தைப் பார்த்த பிறகு ஊர்ல ஒருத்தன் வாய் திறக்கலை. அதைச் சொல்லத்தான் மீதியைச் சொன்னேன். அதை விட்டுட்டு இதை மட்டும் போட்டா எப்படி? அவரைச் சேர்த்துப் போடு."

சொல்லி முடித்ததும், "நான் சிரிச்சேன்னு எழுதியிருக்கா. வேற எப்படிச் சொல்றதாம் அதை?" என்று கேட்டாள். அதை எழுதவா என்றேன். வேண்டாம் என்றாள்.

பதில் வர நாலு மாதம் ஆனது. எட்டுப் பக்கம். முதல் மூன்று பக்கம் முழுக்க மன்னிப்பு. என் புத்தகம் அந்த ஊருக்குள் வாசிக்கப்படும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை, அன்பினால்தான் அனுப்பினேன் என்று இருந்தது. பிறகு, தன் பழைய நோட்டிலிருந்து அந்த நாளின் குறிப்பை ஒரு வரி விடாமல் நகலெடுத்து வைத்திருந்தாள். ஆறிப்போன தண்ணீர், விறகு, பசிக்குது, சுவரில் ஒட்டிய பெயர் எல்லாமே இருந்தது.

அப்போது தோமே படுக்கையில் இருந்தாள். குளிர்காலம் ஆரம்பித்ததிலிருந்தே வயிற்றில் எதுவும் தங்கவில்லை, கொட்டகை மூடிக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன்.

"சரியாத்தான் எழுதி வச்சிருக்கா. அப்புறம் ஏன் போடலையாம்?" என்றாள்.

அதையும் எழுதியிருந்தாள். ஊரின் பொது வழக்கம் எது என்பதுதான் அறிஞர்களுக்கு வேண்டும். ஒரு தனி மனிதன் செய்தது அதில் பொருந்தவில்லை, கதை மாதிரி இருந்தது. அதனால் எடுத்துவிட்டேன் என்று. மறுபதிப்பு வந்தால் கட்டாயம் சேர்க்கிறேன் என்றும் இருந்தது.

தோமே கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். "அப்போ ஊர்ல இன்னும் நாலு பேரு அவரை மாதிரி இருந்திருந்தா போட்டிருப்பாளா?" என்று கேட்டாள். அவளே சொன்னாள்: "இல்லையே, வாத்தியாரே. அவரு ஒருத்தருதான் இருந்தாரு."

அந்தக் குறிப்பை மட்டும் எங்கள் மொழியில் நல்ல கையெழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். மிசாவோ தவிட்டு மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஊசியை நிறுத்தாமலே கேட்டாள்: "இதையும் ஊரைக் கூட்டித்தான் வாசிக்கப் போறீங்களா, வாத்தியாரே?"

காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். "அம்மாவுக்கு முடியலை. ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று வாசலில் நின்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். வரவில்லை.

பிப்ரவரி மாதம், பனி ஈரமாக விழுந்துகொண்டிருந்த ஒரு மதியம் தோமே இறந்தாள். சாவுக்கு மிசாவோ வந்தாள். எரித்து முடிந்ததும் வழக்கப்படி குச்சிகளால் எலும்பைப் பொறுக்கிச் சட்டியில் போட்டாள். அழவில்லை. தோமேயின் எலும்புச் சட்டியை எங்கே வைப்பது என்று யாரோ கேட்டபோது, யசுஹெய் தாராளமாகவே சொன்னான்: "அண்ணன் பக்கத்துலதான். முறைப்படி கட்டிக்கிட்டவங்க ஆச்சே." யாருக்கும் மறுப்பு இல்லை. தோமே குமாகிச்சியோடு குடும்பக் கல்லறைக்குள் போனாள். அங்கே தீ மூட்டவோ பூ வைக்கவோ இடமில்லாமல் போனது மிசாவோவுக்கு மட்டும்தான். அதை அந்தக் கூட்டத்தில் யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. கவனித்த நானும் பேசவில்லை.

கொட்டகையை யசுஹெய் கோழி வளர்க்க எடுத்துக்கொண்டான். அரைக்கிற கல்லை வெளியே உருட்டிவிட்டார்கள். நிரோகாவாவில் டோஃபு வேண்டுமென்றால் இப்போது பஸ் ஏறிக் கீழூருக்குப் போக வேண்டும். ஊராட்சி அலுவலகத்துக் கண்ணாடி அலமாரியில் புத்தகம் இன்னும் இருக்கிறது. மறுபதிப்பு வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். அருமா-சானுக்கு நான் அதன் பிறகு எழுதவில்லை.

இரண்டு வருஷம் கழித்து சதாவோவுக்கு அமாகசாகி நகரத்தில் இரும்புப் பட்டறையில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார்கள். கனே அம்மாள் கூடப் போகவில்லை. விலாசத்தை நான் தபால்காரரிடம் கேட்டு வாங்கி, அந்தக் குறிப்பை ஓர் உறையில் போட்டு மிசாவோவுக்கு அனுப்பினேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை. இது உங்கள் அப்பாவைப் பற்றியது என்று மட்டும் மேலே எழுதினேன்.

அந்த உறை திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. அடுத்த ஜனவரியில் அவர்களிடமிருந்து புத்தாண்டு அட்டை ஒன்று வந்தது. கடையில் விற்கிற அச்சடித்த வாழ்த்து. அனுப்பியவர் இடத்தில் சதாவோவின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை எழுதியிருந்த கையெழுத்து மிசாவோவுடையது.